கெம்பஸில் கொம்பியூட்டர் சயன்ஸ்: வெறும் தியரிதானா?

ஹட்டன் அக்கா:
தம்பி கணிதப் பிரிவில் உயர்தரம் முடித்துவிட்டு, கெம்பஸ் விண்ணப்பத்தில் எதை முதலில் போடுவது என்று மண்டையைக் குழப்பிக்கொண்டிருக்கிறான். இசட் ஸ்கோரைப் பார்த்தால் கொம்பியூட்டர் சயன்ஸ் கிடைக்கும் போல இருக்கிறது. ஆனால் டவுனில் கோர்ஸ் நடத்துகிற ஒருவர், அங்கே நாலு வருசமும் தியரிதான், ஆறு மாதம் எங்களிடம் படித்தால் வெப்சைட் செய்து சம்பாதிக்கலாம் என்கிறார். அப்பா, அம்மா இரண்டு பேரும் தோட்டத்தில் வேலை, நாலு வருசம் என்றாலே யோசிக்கிறார்கள். உண்மையில் என்னதான் படிப்பிக்கிறார்கள்?

பதுளைக்காரன்:
அவர் கோர்ஸ் விற்கிறார் அக்கா, வேறென்ன சொல்வார்! முதல் வருசத்தில் கணிதமும் தியரியும் கூடத்தான். ஆனால் விரிவுரையில் பைனரி சேர்ச் சொல்லித்தந்தால் அதையே பிறகு லேபில் நாமே எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும். சுட்டெண் வரிசையில் இருக்கிற 10 லட்சம் பேரில் ஒருவரை ஒவ்வொன்றாகத் தேடினால் 10 லட்சம் தடவை வரைக்கும் போகும், பைனரி சேர்ச்சில் பாதி பாதியாக வெட்டிக்கொண்டு போனால் 20 தடவைக்குள் முடிந்துவிடும். இதைப் போர்டில் பார்ப்பது வேறு, நம்முடைய ப்ரோகிராம் இழுத்துக்கொண்டு நிற்பதைப் பார்ப்பது வேறு.

மடுவத்துப் பையன்:
தியரி எங்கே உதவும் என்பதற்கு நம்ம ஊர் உதாரணமே சொல்கிறேன். இரண்டாம் வருச குழு புரொஜெக்டுக்கு நாங்கள் கொழுந்து நிறுவைக் கணக்கை எடுத்தோம். மலையில் சிக்னல் இல்லை, ஆகவே இரண்டு ஃபோனில் தனித்தனியாகப் பதிந்து, சிக்னல் வந்ததும் சேர்க்க வேண்டும். ஒருவர் காலையில் எடுத்த 8 கிலோ ஒரு ஃபோனில், பின்னேரம் எடுத்த 11 கிலோ மற்றதில் இருக்கிறது என்று வையுங்கள். இரண்டு ஃபோனும் தன்னிடம் உள்ளதையே அன்றைய மொத்தம் என்று அனுப்பினால், கடைசியாக வந்தது முன்னதை அழித்துவிடும், 19 கிலோ எடுத்தவருக்கு அரைப்பேர்தான் (அரை நாள் சம்பளம்தான்) விழும். டேட்டாபேஸ் பாடத்தில் 'லொஸ்ட் அப்டேட்' என்று இதைத்தான் படிப்பிக்கிறார்கள். மொத்தத்தை அனுப்பாமல் ஒவ்வொரு நிறுவையையும் தனிப் பதிவாக அனுப்பிக் கடைசியில் கூட்டினால் பிரச்சினை இல்லை. வெப்சைட் மட்டும் செய்யப் பழகினவருக்கு கிலோ எங்கே போனது என்றே விளங்காது.

கண்டி ரோட்:
அதுக்காகக் கெம்பஸ் எல்லாம் சொர்க்கம் இல்லை. கோடிங்கைப் பேப்பரில் எழுதவைக்கிற பரீட்சைகள் இன்னும் இருக்கு (எதுக்கென்று யாராவது சொல்லுங்கள்). கம்பனிகள் தினமும் பாவிக்கிற கிட் (Git, கோடில் செய்கிற மாற்றங்களைப் பதிந்து வைக்கிற மென்பொருள்) மாதிரி விஷயங்களைப் பெரும்பாலும் நாமே தேடித்தான் பழக வேண்டும். எல்லா இடமும் ஒரே மாதிரி இல்லை: பேராதனையில் பொறியியல் பீடத்துக்குப் போனால் முதல் வருசம் எல்லோருக்கும் பொது, கணினிப் பொறியியல் அதற்குப் பிறகுதான், விஞ்ஞான பீடத்தின் வழி வேறு. தம்பியிடம் மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலையும் அந்தந்தப் பீடத்தின் பாடத்திட்டத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். கம்பனியில் பயிற்சி கட்டாயமா, எத்தனை மாதம், அதற்குப் புள்ளி உண்டா என்று பார்த்துவிட்டு வரிசையைப் போடட்டும். நிறையப் பேருக்கு முதல் வேலையே அந்தப் பயிற்சி இடத்தில்தான் கிடைக்கிறது.

ஹட்டன் அக்கா:
நன்றி எல்லோருக்கும். லெப்டொப் இல்லாமல் தொடங்கலாமா? செலவுதான் வீட்டில் பெரிய பேச்சு.

பதுளைக்காரன்:
முதல் வருசத்தை லேப் கொம்பியூட்டரை வைத்தே ஓட்டலாம், குழு புரொஜெக்ட் வரும்போது செகண்ட் ஹேண்டில் ஒன்று தேவைப்படும். அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை, மஹாபொல உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். இங்கிலீஷை மட்டும் இப்போதே தொடங்கட்டும், விரிவுரை எல்லாம் அதில்தான்.