மூவிரல் குறுந்தூங்கி: பனாமாத் தீவின் ‘ஸ்லாத்’ விலங்குக்கு ஒரு பெயர்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

பனாமாவின் எஸ்குடோ தே வெராகுவாஸ் தீவில் மட்டுமே வாழ்வதும் 2001-இல் தனிச் சிற்றினமாக விவரிக்கப்பட்டதுமான ‘பிராடிபஸ் பிக்மேயஸ்’ என்னும் ஸ்லாத்துக்கு (மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கி மெல்ல நகரும் அமெரிக்கப் பாலூட்டி), அகராதிப் பதிவுக்கான தமிழ்ப் பெயராக வந்த ‘சோம்பேறித் தேவாங்கு’ என்ற பரிந்துரையை ஏற்க இயலவில்லை. தேவாங்கு, கடவூர்ப் பகுதியில் 2022-இல் தமிழக அரசு சரணாலயம் அறிவித்துக் காக்கும் உயிரினம். குரங்குகளோடு ஒரே வரிசையைச் சேர்ந்தது. ஸ்லாத்தோ அமெரிக்க எறும்புதின்னிகளுக்கு உறவு (எறும்புதின்னி என்றே நாம் அழைக்கும் நம் அழுங்கை இங்கே நினைக்க வேண்டாம்). இத்தகைய பெயர்க்குழப்பம் புதிதன்று. 1791-இல் ஜார்ஜ் ஷா நம் நாட்டுக் கரடியையே பிராடிபஸ் பேரினத்தில் சேர்த்தார். ‘ஸ்லாத் பேர்’ என்னும் அக்கரடியின் ஆங்கிலப் பெயரில் அந்தப் பிழை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

‘சோம்பேறி’ என்பதும் பொருந்தாது. சத்துக் குறைந்த இலையை உண்டு, பல அறைகள் கொண்ட இரைப்பையில் நாட்கணக்கில் நொதிக்கவிட்டு, கிடைக்கும் சிறிதளவு ஆற்றலைச் சிக்கனமாகச் செலவிடும் விலங்கு விரைந்து நடமாட வழியில்லை. உறக்கமும் நாம் எண்ணுமளவு இல்லை: பனாமாவிலேயே காட்டில் வாழும் பழுப்புத்தொண்டை மூவிரல் ஸ்லாத்துகளின் மூளை அலைகளைப் பதிவுசெய்து 2008-இல் வெளியிட்ட ஆய்வு, அவை நாளொன்றுக்குச் சராசரியாக 9.6 மணி நேரமே உறங்குவதாகக் காட்டியது.

எனவே பொதுப்பெயராக ‘மரத்தூங்கி’ என்பதை முன்வைக்கிறேன். ‘தூங்கு’ என்பதற்குத் தொங்குதல் என்பதே பழம்பொருள். தூங்கணாங்குருவி அதற்குச் சான்று. ‘தூங்குக தூங்கிச் செயற்பால’ என்னும் குறளிலோ அச்சொல் காலந்தாழ்த்திச் செய்தலைக் குறிக்கிறது. கிளையில் தலைகீழாகத் தொங்குவது, மெல்ல இயங்குவது ஆகிய இரண்டையும் ஒரே வேர் தாங்குகிறது. படிப்பவருக்கு உறக்கமே முதலில் நினைவுக்கு வரும் என்ற மறுப்பு நியாயமானதுதான். ஆனால் தூங்குமூஞ்சி மரம் என்று சொல்லிக்கொண்டே அதன் நிழலில் ஒதுங்கும் நமக்கு அது பெருந்தடையாகத் தோன்றவில்லை.

இச்சிற்றினத்தின் நான்கு கால்களிலும் மும்மூன்று விரல்கள் இருப்பதால் ‘மூவிரல்’ துல்லியமானது. வளர்ந்தவை ஏறத்தாழ 2.5 முதல் 3.5 கிலோ வரையே இருப்பதால் ‘குறு’ வேண்டும். அதை ‘குறுமரத்தூங்கி’ என்று ஒட்டினால் குட்டை மரத்தில் தொங்குவது என்றாகிவிடும். ஆகவே ‘மர’ நீக்கி ‘மூவிரல் குறுந்தூங்கி’ என்பதே என் தேர்வு.

விளக்கக் குறிப்பில் ‘மரவாழ் பாலூட்டி’ என்று மட்டும் எழுதினால் போதாது; கண்டல் மரம் (கடலோரச் சதுப்பில் வளரும் அலையாத்தி வகை) இடம்பெற்றே ஆகவேண்டும். 2012-இல் வெளியான கணக்கெடுப்பில் கண்ணில் பட்ட 79-இல் 70 கண்டல் காட்டில் இருந்தவை. பின்னர் வந்த ஆய்வுகள் உட்காட்டிலும் இவை வாழ்வதைக் காட்டி எண்ணிக்கை மதிப்பீட்டை உயர்த்தின என்றாலும், ஏறத்தாழ 4.3 சதுர கிலோமீட்டரே உள்ள தீவில் கண்டல் ஒரு மெல்லிய விளிம்புதான். தீவில் வந்து தங்கும் மீனவர்கள் விறகுக்காக அதை வெட்டுவதும், பெருகிவரும் சுற்றுலாவும் இவ்விலங்குக்குள்ள அச்சுறுத்தல்கள். 2013-இல் ஓர் அமெரிக்கக் காட்சியகத்துக்காகப் பிடிக்கப்பட்டவை, போகாஸ் தெல் தோரோ விமான நிலையத்தில் மக்கள் திரண்டு தடுத்ததால் திரும்பவும் தீவில் விடப்பட்டன.

பதிவு இவ்வாறு அமையலாம்: மூவிரல் குறுந்தூங்கி (பெயர்ச்சொல்): பனாமாவின் எஸ்குடோ தே வெராகுவாஸ் தீவுக்கே உரிய, கண்டல் காட்டிலும் உட்காட்டிலும் மரங்களில் தொங்கி வாழும், இலையுண்ணும் சிறு பாலூட்டி, மிக அருகிய இனம்.