அவசரம்: அப்பா விமானத்துக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறார், இறக்கிவிடச் சொல்லலாமா?

அரசலாறு | இரவு 8.52
அப்பா விமானத்தில் ஏறி 2 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கதவை மூடிவிட்டார்கள். கிளம்பவும் இல்லை, இறக்கவும் இல்லை. கேட்டால் ‘பத்து நிமிஷம், பத்து நிமிஷம்’ என்கிறார்களாம். இறக்கிவிடச் சொல்லிக் கேட்க உரிமை இருக்கிறதா இல்லையா? சீக்கிரம் சொல்லுங்கள், என் ஃபோனில் சார்ஜ் 14 சதவீதம்தான்.

குடமுருட்டி | 8.55
எந்த ஏர்போர்ட்? உள்நாடா, வெளிநாடா?

நெல்வயல்ராஜா | 8.56
3 மணி நேரம் தாண்டினால் கதவைத் திறந்தே ஆக வேண்டும். சட்டமே இருக்கிறது. தைரியமாகச் சண்டை போடச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற கணக்கர் | 8.59
இங்கே எத்தனை தடவைதான் சொல்வது. ஊர் இல்லை, நேரம் இல்லை, எங்கிருந்து எங்கே என்று இல்லை. டாக்டரிடம் போய் ‘வலிக்கிறது’ என்று மட்டும் சொன்னால் அவர் எங்கே ஊசி போடுவார்?
நெல்வயல்ராஜா சொல்வது அமெரிக்க விதி. 2010இல் அமலுக்கு வந்தது. அங்கே உள்நாட்டு விமானத்துக்கு 3 மணி நேரம், வெளிநாட்டு விமானத்துக்கு 4 மணி நேரம். 2 மணி நேரத்துக்குள் தண்ணீரும் தின்ன ஏதாவதும் கொடுத்தாக வேண்டும். அதை நம் ஊரில் காட்டினால் சிரிப்பார்கள்.

படிக்கட்டுவண்டி | 9.01
தம்பி, நான் ஆறு வருஷம் விமான நிலையத்தில் தரைப் பணியில் இருந்தவன். காற்றாடி வைத்த சின்ன விமானமா, பெரிய ஜெட்டா? நின்ற இடத்திலேயே நிற்கிறதா, நகர்ந்து போய் நிற்கிறதா? அப்பாவுக்கு என்ன வயது, உடம்புக்கு ஏதாவது உண்டா?

அரசலாறு | 9.06
தம்பி இல்லை அண்ணே, தங்கச்சி. திருச்சியிலிருந்து பெங்களூரு. 6.50 விமானம், 6.30க்கே உட்கார வைத்துவிட்டார்கள். காற்றாடி விமானம்தான், நகரவே இல்லை. அப்பாவுக்கு 71, சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். கடைசியாகச் சாப்பிட்டது 4 மணிக்கு, இரண்டு இட்லி. அவரை விட்டுவிட்டுக் கும்பகோணம் திரும்பும்போது ஃபோன் வந்தது. வல்லத்தில் டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தியிருக்கிறேன். உள்ளே ஏசி வரவில்லையாம், எல்லோரும் முன் சீட்டில் செருகியிருக்கும் பாதுகாப்பு அட்டையை எடுத்து விசிறிக்கொண்டிருக்கிறார்களாம்.

குடமுருட்டி | 9.07
சர்க்கரை என்பதை முதல் வரியிலேயே எழுத வேண்டாமா அம்மா!

படிக்கட்டுவண்டி | 9.11
சட்டத்தை அப்புறம் பார்ப்போம் தங்கச்சி. உடனே அப்பாவுக்கு ஃபோன் போட்டு, தலைக்கு மேல் இருக்கிற அழைப்பு பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். பணிப்பெண் வந்ததும் ‘எவ்வளவு நேரம் ஆகும்’ என்று ஆரம்பிக்க வேண்டாம், அதை அவர்கள் இதுவரை நூறு பேரிடம் கேட்டிருப்பார்கள். ‘சர்க்கரை நோயாளி, இன்சுலின் போடுகிறவன், 5 மணி நேரமாகச் சாப்பிடவில்லை’ என்று சொல்லட்டும். வியர்க்கிறது, கை நடுங்குகிறது என்றால் அதையும் சொல்லட்டும். விற்பதற்கு ஜூஸ், பிஸ்கட் வைத்திருப்பார்கள். உடம்பு விஷயம் என்றால் கேப்டன் காதுக்குப் போகும். கதவைத் திறக்கும் பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கும்.

ஏசி விஷயம்: ஜெட்டுகளில் வால் பக்கம் துணை எஞ்சின் ஒன்று இருக்கும். இந்தக் காற்றாடி விமானத்தில் அது கிடையாது. வலது பக்க எஞ்சினை ஓடவிட்டு, காற்றாடியை மட்டும் பிரேக் போட்டு நிறுத்திவைத்துத்தான் தரையில் குளிர்விப்பார்கள். எஞ்சினை அணைத்துவிட்டு வெளியே இருந்து மின்சாரம் மட்டும் கொடுத்தால் விளக்கு எரியும், குளிர்ச்சி வராது. ‘எஞ்சினையாவது போடுங்கள்’ என்று கேட்பதில் தப்பில்லை.

இன்னொன்று. இந்த விமானத்தில் ஏறும் வாசல் பின்பக்கம், படிக்கட்டு கதவோடு ஒட்டியே இருக்கும். ‘ஏணி வண்டி வரவில்லை’ என்று யாராவது சாக்குச் சொன்னால் நம்ப வேண்டாம். (என் பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.)

நெல்வயல்ராஜா | 9.13
எனக்குத் தெரியும், இது பைலட் டியூட்டி நேரம் முடிந்த கேஸ். வேறு பைலட் எங்கிருந்தோ வர வேண்டும், அதுவரை ஆட்களைப் பூட்டிவைப்பார்கள். என் மச்சானுக்கும் இப்படித்தான் நடந்தது.

ஓய்வுபெற்ற கணக்கர் | 9.15
மச்சான் கதைகளுக்குத் தனி இழை திறக்கவும்.

குடமுருட்டி | 9.16
2024 ஜனவரியில் மும்பையில் பயணிகள் விமானத்தை விட்டு இறங்கி ஓடுபாதைப் பக்கம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட படம் வந்ததே, அதற்கப்புறம் பயணிகளை இறக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்களே?

ஓய்வுபெற்ற கணக்கர் | 9.21
‘இறக்க வேண்டும்’ இல்லை, ‘இறக்கலாம்’. விமானப் பாதுகாப்பு அமைப்பு 2024 மார்ச் கடைசியில் கொடுத்தது அது. ஏறின பிறகு ரொம்ப நேரம் தாமதமானால் புறப்பாட்டு வாசல் வழியாகவே திரும்ப உள்ளே அனுப்பலாம். முடிவு எடுப்பது விமானக் கம்பெனியும் பாதுகாப்புப் படையும். பயணி கையில் சாவி இல்லை.

சாப்பாட்டுக்கு டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) விதி இருக்கிறது. இரண்டரை மணி நேரத்துக்கு உட்பட்ட பயணம் என்றால் 2 மணி நேரத் தாமதத்திலேயே சாப்பாடும் தீனியும் தர வேண்டும். பெங்களூரு அதற்குள் வரும். 6 மணி நேரத்தைத் தாண்டினால் வேறு விமானம் அல்லது முழுப் பணம். 5,000, 7,500, 10,000 என்று வாட்ஸப்பில் சுற்றுகிற தொகை விமானம் ரத்தானால் கொடுப்பது, தாமதத்துக்கு இல்லை. அதிலும் ‘வரையில்’ என்ற வார்த்தையை யாரும் படிப்பதில்லை.

ஆனால் காரணம் மழை, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு போல அவர்கள் கையில் இல்லாதது என்றால் விலக்கும் அதே விதியில் இருக்கிறது. கேள்வி கேட்டவர் காரணத்தைச் சொன்னாரா? சொல்லவில்லை.

அரசலாறு | 9.24
முதலில் ‘டெக்னிக்கல்’ என்று மைக்கில் சொன்னார்களாம். அப்புறம் ‘பெங்களூரில் மழை’ என்றார்களாம். ஜூஸ் கொடுத்துவிட்டார்கள். பின் சீட்டுக்காரர் கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சை சாதத்தில் பாதியை அப்பாவுக்குக் கொடுத்தாராம்.

படிக்கட்டுவண்டி | 9.26
அந்த எலுமிச்சை சாதக்காரர் நல்லா இருக்கட்டும்.
தங்கச்சி, ‘டெக்னிக்கல்’ எத்தனை மணிக்குச் சொன்னார்கள், ‘மழை’ எத்தனை மணிக்குச் சொன்னார்கள் என்று அப்பாவைப் போர்டிங் பாஸ் பின்னாலேயே எழுதிவைக்கச் சொல்லுங்கள். பக்கத்து சீட்டுக்காரர் ஃபோன் நம்பரும் வாங்கிக்கொள்ளட்டும். நாளைக்குப் பதில் கேட்டால் ‘மழை’ மட்டும்தான் காகிதத்தில் இருக்கும்.

காவிரிக்கரை ரயிலன் | 9.28
மைசூர் எக்ஸ்பிரஸ் என்று ஒன்று இருப்பது தெரியுமா? கும்பகோணத்தில் சாயங்காலம் ஏறினால் காலையில் பெங்களூரு. படுத்துக்கொண்டு போகலாம். பெரியவரை 95 கிலோமீட்டர் காரில் இழுத்துக்கொண்டு போய் இந்தக் கொடுமை எதற்கு?

நெல்வயல்ராஜா | 9.30
பூதலூர் அவுட்டரில் ஒன்றரை மணி நேரம் நிற்கும்போது நீங்கள் ரயிலில் இருந்ததில்லை போல.

காவிரிக்கரை ரயிலன் | 9.31
அவுட்டரில் நின்றாலும் கதவு திறந்திருக்கும் சார். காற்று வரும். எவனும் பெல்ட் போட்டு உட்கார வைப்பதில்லை.

நெல்வயல்ராஜா | 9.32
திறந்திருந்து? இறங்கி வயலில் நாற்று நடுவீர்களா?

காவிரிக்கரை ரயிலன் | 9.34
நட்டிருக்கிறேன். உங்கள் பெயரில்தான் வயல் இருக்கிறது.

குடமுருட்டி | 9.35
பெரியவர் உள்ளே வேகிறார், நீங்கள் இரண்டு பேரும் நாற்று நடுகிறீர்கள்.

ஓய்வுபெற்ற கணக்கர் | 9.38
மைசூர் எக்ஸ்பிரஸில் மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சோடு போயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்லவும். பேச்சு தடம் மாறுகிறது.

காவிரிக்கரை ரயிலன் | 9.39
தடம் மாறுவதற்கு ரயில் வேண்டும் சார், விமானத்தால் முடியாது.

அரசலாறு | 9.47
தனியாக இறங்கிவிடட்டுமா என்று அப்பா கேட்கிறார். இறங்கலாமா?

படிக்கட்டுவண்டி | 9.50
கேட்கலாம். உடம்பு முடியவில்லை என்று ஒருவர் சொன்ன பிறகு யாரும் பிடித்துவைக்க மாட்டார்கள். ஆனால் பெட்டியை உள்ளே போட்டிருந்தால் அதைத் தேடி எடுத்து வெளியே இறக்கிவிட்டுத்தான் விமானம் கிளம்பும், ஆள் இல்லாத பெட்டி பறக்கக் கூடாது. அதற்கு நேரமாகும், மற்றவர்கள் முறைப்பார்கள். முறைக்கட்டும். இறங்கினால் இன்றைய பயணம் அவ்வளவுதான். ‘விருப்பப்பட்டு இறங்கினேன்’ என்று எதிலாவது கையெழுத்துக் கேட்டால், ‘தாமதத்தால் உடம்பு முடியாமல் இறங்கினேன்’ என்று தமிழிலேயே ஒரு வரி சேர்த்துவிட்டுப் போடச் சொல்லுங்கள்.
நீங்கள் வல்லத்திலேயே நில்லுங்கள், கும்பகோணம் போய்விட வேண்டாம்.

குடமுருட்டி | 9.58
புகார் எல்லாம் பிறகு. விமானப் பயணப் புகாருக்கு அரசு வைத்திருக்கிற ஏர்சேவா தளத்தில் முதலில் போடுங்கள், பிஎன்ஆர் எண் வேண்டும். 1915 நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. அதற்கும் மசியவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம்.

ஓய்வுபெற்ற கணக்கர் | 10.04
ஆணையத்துக்குத் திருச்சிக்கோ கம்பெனி தலைமையகம் இருக்கிற ஊருக்கோ அலைய வேண்டாம். 2019 சட்டப்படி புகார்தாரர் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், கும்பகோணத்துக்காரர் தஞ்சாவூரில் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் இல்லை. 2 வருஷத்துக்குள் போட வேண்டும். இதையாவது யாராவது குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் இதே கேள்வி மறுபடி வரும்.

நெல்வயல்ராஜா | 10.20
தங்கச்சி என்ன ஆச்சு?

குடமுருட்டி | 10.41
14 சதவீதம் என்றாரே, ஃபோன் செத்திருக்கும்.

அரசலாறு | 11.36
எல்லோரையுமே இறக்கிவிட்டார்கள், 10.10க்கு. விமானம் நாளைக் காலையாம். அப்பா என்னோடு காரில் இருக்கிறார், துவாக்குடி தாண்டி ஒரு கடையில் இட்லி சாப்பிட்டார். நன்றி எல்லோருக்கும். அந்த எலுமிச்சை சாதக்காரர் திருவையாறுக்காரராம், அவரையும் ஏற்றிக்கொண்டு வருகிறோம்.

படிக்கட்டுவண்டி | 11.38
ரொம்ப சந்தோஷம் தங்கச்சி. காரணத்தை எழுத்தில் வாங்கினீர்களா? போர்டிங் பாஸை அவர்கள் திரும்ப வாங்கிக்கொண்டார்களா?

ஓய்வுபெற்ற கணக்கர் | 11.52
மறுநாள் விமானம் என்றால் பணம் திரும்பக் கேட்கலாமே. ஒரு வரி எழுதுங்கள்.

காவிரிக்கரை ரயிலன் | காலை 6.15
மைசூர் எக்ஸ்பிரஸ் நேற்று பெங்களூருக்கு 20 நிமிஷம் முன்னாலேயே போய்விட்டதாம்.

படிக்கட்டுவண்டி | மாலை 4.30
தங்கச்சி, போர்டிங் பாஸ்?