மறு: மைக்ரோ ஆர்.என்.ஏ. – நுண்ணா, குறுவா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நம் கட்டுரையில் வரும் 'மைக்ரோ ஆர்.என்.ஏ.'வுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தோம். நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> நுண்ணோக்கி, நுண்ணலை எல்லாம் இருக்கும்போது 'நுண் ஆர்.என்.ஏ.' என்றே வைத்துக்கொள்ளலாமே?

வேறு கட்டுரை என்றால் நானும் சரி என்றிருப்பேன். நாம் எழுதுவது கருப்பைவாய்ப் புற்றுநோய் பற்றி. அந்த நோய்க்கு வேரே எச்.பி.வி. என்ற ஒரு வைரஸ்தான், அதன் 16, 18 ஆகிய இரண்டு வகைகளே ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் காரணம். பத்திக்குப் பத்தி வைரஸ் வருகிற இடத்தில் 'நுண் ஆர்.என்.ஏ.' என்றால், நுண்ணுயிரியின் ஆர்.என்.ஏ. என்றே பலரும் படிப்பார்கள். நாம் சொல்ல வருவதோ நம் செல்லே உண்டாக்கும் துணுக்கைப் பற்றி.

'குறு' நீளத்தைச் சொல்கிறது. குறுஞ்செய்தி, குறும்படம் எல்லாம் அப்படி வந்தவைதான். புரதம் செய்வதற்கான குறிப்பை மரபணுவிலிருந்து எடுத்துச்செல்லும் தூது ஆர்.என்.ஏ. பெரும்பாலும் ஆயிரக்கணக்கான மரபு எழுத்துகளுக்கு நீளும். மைக்ரோ ஆர்.என்.ஏ.வோ சுமார் 22 எழுத்தோடு முடிந்துவிடும். ஆகவே 'குறு ஆர்.என்.ஏ.' என்பதே என் பரிந்துரை. சேர்த்து எழுத வேண்டாம், 'குற்றார்' என்று புணர்ந்தால் சொல்லே அடையாளம் தெரியாது.

செயலை வைத்து 'அடக்கி ஆர்.என்.ஏ.' எனலாம் என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். தூது ஆர்.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொண்டு புரதம் உருவாவதை இது அடக்குகிறது என்பது உண்மைதான். சிக்கல் அடுத்த படியில் வருகிறது. மிர்-34ஏ என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.வைப் பாருங்கள். பி53 புரதத்தின் தூண்டுதலால் உருவாகி, செல்கள் கட்டுமீறிப் பெருகாமல் தடுப்பது அது. வைரஸின் இ6 புரதம் பி53-ஐச் சிதைக்கும்போது மிர்-34ஏவும் கூடவே குறைந்துபோகிறது. மிர்-21 என்ற இன்னொன்று நேரெதிர்: புற்றுச் செல்லில் பெருகி, பி.டி.சி.டி.4 போன்ற காவல் மரபணுக்களை அடக்கிவைக்கிறது. முன்னதைப் 'புற்றடக்கி' என்றும் பின்னதைப் 'புற்றூக்கி' என்றும் சொன்னால் யாருக்கும் புரியும். பொதுப்பெயரே 'அடக்கி' என்றாகிவிட்டால், மிர்-34ஏவைப் 'புற்றடக்கி அடக்கி ஆர்.என்.ஏ.' என்று எழுத வேண்டிவரும். அதைப் படிப்பவர் புற்றடக்கியை அடக்குவது என்று பொருள்கொள்வார். அது மிர்-21 செய்கிற வேலை! மருத்துவக் கட்டுரையில் பொருள் இப்படித் தலைகீழாகக் கூடாது.

ஆர்.என்.ஏ. என்ற சொல்லையும் தமிழாக்கி 'ரைபோ கருவமிலம்' என்று எழுத வேண்டுமா? கொரோனா தடுப்பூசிக்குப் பிறகு ஆர்.என்.ஏ. வீட்டுப் பேச்சிலேயே வந்துவிட்டது, அப்படியே இருக்கட்டும். அதைக் கண்டுபிடித்ததற்காக 2024இல் விக்டர் அம்புரோசுக்கும் கேரி ரவ்குனுக்கும் நோபல் பரிசு கிடைத்ததிலிருந்து 'மைக்ரோ ஆர்.என்.ஏ.' செய்திகளிலும் அடிபடுகிறது. அதனால் முதலில் வரும் இடத்தில் 'மைக்ரோ ஆர்.என்.ஏ. எனப்படும் குறு ஆர்.என்.ஏ.' என்று எழுதிவிட்டு, அப்புறம் குறு மட்டும் போதும்.

ஒன்று மிச்சமிருக்கிறது. ஏறக்குறைய இதே நீளத்தில், வெளியிலிருந்து செலுத்தி மரபணுவை முடக்கப் பயன்படும் இன்னொரு வகையும் (ஆங்கிலத்தில் எஸ்.ஐ.ஆர்.என்.ஏ.) உண்டு. அதைக் 'குறுக்கீட்டு ஆர்.என்.ஏ.' என்றால் குறுவோடு குழம்பும். 'இடையீட்டு ஆர்.என்.ஏ.' எனலாமா? இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.