349 ரூபாய் நியாசினமைடு சீரம் போதுமா, 1,900 ரூபாய் பாட்டில்தான் வேணுமா?

ஈரோட்டுக்காரி:
தினமும் பெருந்துறைக்கு ஸ்கூட்டியில போய்ட்டு வர்றேன். பரு போன இடமெல்லாம் கன்னத்துல காபிக்கறை மாதிரி நிக்குது. மெடிக்கல்ல 10 பர்சன்ட் நியாசினமைடு சீரம் 30 மில்லி 349 ரூபாய். பார்லர் அக்கா "விலை கம்மின்னா வேலையும் கம்மி கண்ணு"ன்னு 1,900 ரூபாய் பாட்டிலைக் குடுத்து, பார்த்துட்டு வாங்குன்னாங்க. அதுல எத்தனை பர்சன்ட்னே போடலை. எதை வாங்க?

பழைய லேப்காரன்:
கிரீம் கலக்குற லேப்ல அஞ்சு வருஷம் குப்பை கொட்டினவன் நான். 30 மில்லியில 10 பர்சன்ட்னா சுமார் 3 கிராம் நியாசினமைடு, அதாவது வைட்டமின் பி3ல ஒரு வகை. தண்ணியில சர்க்கரையாட்டம் கரையுற வெள்ளைப் பொடி, விலையும் சல்லிசு. 1,900 எதுக்குன்னு யோசிச்சுக்கங்க.

அந்தப் பாட்டிலைத் திருப்புங்க. ஃபீனாக்ஸிஎத்தனால்னு ஒண்ணு இருக்கும், கெட்டுப்போகாம இருக்கப் போடுறது; 1 பர்சன்ட்டைத் தாண்டக் கூடாது. பட்டியல்ல அளவு அதிகமா இருக்கறதுதான் மேல வரும், அதனால நியாசினமைடு பேரு அதுக்குக் கீழ இருந்தா, அதுவும் 1 பர்சன்ட்டுக்குள்ளதான்.

வேலை செய்யுமான்னா, செய்யும், மெதுவா. நிறமி செல்லுல உண்டாகுற மெலனின் மேல்தோல் செல்லுக்குக் கைமாறுறதை இது குறைக்குதுன்னு 2002லயே ஆய்வு வந்தாச்சு. அதுல கிரீம் விக்கிற கம்பெனி ஆட்களும் உண்டு, அதனால நான் கொஞ்சம் தள்ளுபடி போட்டுத்தான் படிப்பேன். எனக்குப் பிடிச்சது 2011ல மெக்சிகோவுல செஞ்சது. மங்கு இருந்த 27 பெண்கள். முகத்துல ஒரு பக்கம் 4 பர்சன்ட் நியாசினமைடு, மறுபக்கம் 4 பர்சன்ட் ஹைட்ரோகுவினோன், கருமை குறைக்கக் குடுக்குற மருந்து. 8 வாரம் கழிச்சு நல்ல பலன் முன்னதுல 44 சதவீதம் பேருக்கு, பின்னதுல 55 சதவீதம் பேருக்கு. கொஞ்சம் பின்தங்கினாலும் எரிச்சல் கம்மி. 27 பேருங்கறது சின்னக் கூட்டம்தான், அதையும் மறக்காதீங்க.

கவனிச்சீங்களா, 4 பர்சன்ட்! 10ங்கறது டப்பா மேல பெருசா போடத்தான். நானே 10 போட்டு, மிளகா அரைச்ச கையால முகத்தைத் தொட்ட மாதிரி ஆகியிருக்கு. 5 கிடைச்சா அதை வாங்குங்க.

தேனி மதி:
அண்ணா, சன்ஸ்கிரீனை விட்டுட்டீங்களே! பெருந்துறை ரோட்டு வெயில்ல அது இல்லாம சீரம் போட்டா ஓட்டைக் குடத்துல தண்ணி பிடிக்கிற கதைதான். மிச்சமாகுற காசு அதுக்கு.

ஈரோட்டுக்காரி:
போன் டார்ச் அடிச்சுப் படிச்சேன். ஃபீனாக்ஸிஎத்தனால், அதுக்குக் கீழ வாசனை, அதுக்கும் கீழ நியாசினமைடு. அக்காகிட்ட பாட்டிலைத் திருப்பிக் குடுத்துட்டேன், மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்காங்க. 5 பர்சன்ட் மெடிக்கல்ல சொல்லி வச்சிருக்கேன், சன்ஸ்கிரீன் வாங்கியாச்சு. ஆனா புருவம் எடுக்க இனி எங்க போறது?