பெயர்க் கவிதை: ‘ரு’, ‘ன்’ வந்தால் என்ன செய்வது?

கேள்வி:
மூன்றாம் வகுப்பு. வகுப்புத் தோழரின் பெயரெழுத்துகளில் வரிகளைத் தொடங்கி, அவருடைய நற்குணத்தை எழுதவைக்கிறேன். கவிதா எளிது. முருகன் என்றால் ‘ரு’விலேயே நின்றுவிடுகிறார்கள். வழி உண்டா?

பதில் 1:
அது பிள்ளைகளின் குறையல்ல. தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகளிலும் தொடங்காது. விதியைத் தளர்த்துங்கள்: எழுத்து வரியில் எங்கே வந்தாலும் வட்டமிட்டால் போதும். ‘ன்’ கடைசியில் அழகாக அமரும்.

முந்தி வந்து உதவுவான்
பென்சில் கேட்டால் தருவான்
கலங்கியவருக்குத் துணையாவான்
சொன்ன சொல் தவறான்

பதில் 2:
எழுத்தைவிடப் பொருளில்தான் அதிகம் சறுக்கும். ‘நல்லவன்’, ‘அழகானவள்’ என்றே குவியும். கவனிக்காமல் எழுதுவதுதான் காரணம். சீட்டுக் குலுக்கிப் பெயர் கொடுங்கள். 3 நாள் கவனித்து, கண்ணால் கண்ட 3 செயல்களைக் குறிக்கட்டும், பிறகு கவிதை. பிடித்தவரைத் தேர்ந்தெடுக்க விட்டால், ஓரிரு பிள்ளைகளுக்கு யாருமே எழுதமாட்டார்கள். அந்த வலி பெரிது.

பதில் 3:
சுவரில் ஒட்டுமுன் எல்லாவற்றையும் நீங்கள் ஒருமுறை படியுங்கள், பட்டப்பெயர் நுழைந்துவிடும். வீட்டில் கூப்பிடும் பெயரில் எழுதலாமா என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள்.