உறையிலிருந்து இலங்கைத் தபால்தலைகளைப் பிரிக்கலாமா?

கேள்வி: கூடலூர் தோட்டத்திலிருந்து

வணக்கம். சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இலங்கையின் தலவாக்கலையிலிருந்து வந்து, கூடலூர் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. அப்பா இப்போது இல்லை. அங்கேயே தங்கிவிட்ட அத்தை அவருக்கு எழுதிய கடிதங்கள், உறைகளோடு கட்டுக்கட்டாக ஒரு தகரப்பெட்டியில் இருக்கின்றன. கூடவே தாத்தா வைத்திருந்த ஒரு பழைய நோட்டு. ராஜா தலை போட்ட சிலோன் தபால்தலைகளை அதில் சோற்றுப் பசையால் ஒட்டியிருக்கிறார்.

எனக்கு இவற்றை ஒழுங்காகச் சேகரிக்க ஆசை. எல்லா நாடுகளும் வேண்டாம், இலங்கை மட்டும் போதும். உறைகளிலிருந்து தலைகளைப் பிரித்து ஆல்பத்தில் வைக்கலாமா? சில உறைகளில் பழுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. என்ன செய்வது?

பதில்: பந்தலூர் வாசகர்

தாராளமாகப் பிரிக்கலாம். தலையைச் சுற்றித் தாளை நறுக்கி, வெதுவெதுப்பான நீரில் மிதக்க விடுங்கள். தானாகக் கழன்று வரும். பழைய செய்தித்தாளில் கவிழ்த்து உலர்த்தி, ஆண்டுவாரியாக அடுக்குங்கள். உறைகளையும் வைத்துக்கொண்டால் இடம்தான் அடையும்.

பதில்: குன்னூர், ஓய்வுபெற்ற தபால் ஊழியர்

தம்பி, கத்தரியை எடுக்காதீர்கள். பந்தலூர் நண்பர் சொன்ன முறை உதிரித் தலைகளுக்குச் சரி. அத்தையின் உறைகளுக்கு அது வேண்டாம்.

தலைகளைப் பிரித்தால் உங்கள் கையில் மிஞ்சுவது கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் தபால்தலைதான். உறையில் இருப்பது வேறு. முன்பக்கம் தலவாக்கலை முத்திரை, தேதியோடு. பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், நம் பக்கத்துத் தபால் நிலையம் குத்திய வந்துசேர்ந்த முத்திரை பல உறைகளில் இருக்கும். இரண்டு தேதிகளையும் கழித்தால் அந்தக் கடிதம் எத்தனை நாள் பயணம் செய்தது என்று தெரியும். தோட்டத்தின் பெயர், லயத்தின் (தொழிலாளர் வரிசை வீட்டின்) எண், முகவரி மாறித் திருப்பி அனுப்பிய குறிப்பு, எல்லாம் அங்கேதான். இலங்கை மலையகத்திலிருந்து நீலகிரிக்கு வந்த மக்களின் வரலாற்றுக்கு இப்படிப்பட்ட உறைகள் சாட்சி. 1983 ஜூலைக் கலவரத்தை ஒட்டிய உறைகள் இருந்தால் அவற்றைத் தனியாக வையுங்கள், கடிதங்களோடு சேர்த்து.

ஒரே நாடு என்று நீங்கள் முடிவு செய்தது நல்லது. இலங்கை ஓர் ஆயுளுக்குப் போதும். முதல் தலை 1857 ஏப்ரல் 1 அன்று வந்தது, ஆறு பென்னி, விக்டோரியா ராணி. 1872இலேயே ரூபாயும் சதமுமாக மாறிவிட்டார்கள். நாமோ அணாவை விட்டது 1957இல். 1859இன் நான்கு பென்னித் தலையைத் தேடிப் போகாதீர்கள், அது பெரும்பணக்காரர்களின் விஷயம். 1935, 1938 படத் தொகுதிகளில் தொடங்குங்கள். முதலாவதில் ஐந்தாம் ஜார்ஜ், அடுத்ததில் ஆறாம் ஜார்ஜ். ரப்பர் பால் வெட்டுவது, சிவனொளிபாத மலை, கொழுந்து பறிக்கும் பெண் என்று படங்கள் வரும். உங்கள் தாத்தாவின் நோட்டில் இருப்பவை இவையாகவே இருக்கக்கூடும்.

1938 தொகுதி மேலுக்கு எளிதாகத் தெரியும், உள்ளே ஆழம். ஓரத்துப் பற்களை அளக்க வேண்டும்: இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை துளைகள் என்பதுதான் கணக்கு. அதே இரண்டு சத ரப்பர் தலையில் பன்னிரண்டும் உண்டு, பதின்மூன்றரையும் உண்டு. தபால்தலைகளைப் பட்டியலிடும் கேட்டலாக்கில் அவை தனித்தனி. எனக்கு இந்த அளவெடுப்பில் இருக்கும் சந்தோஷம் விலையுயர்ந்த தலை வாங்குவதில் இல்லை. பிற்காலத்தில் 1967இல் வந்த தேயிலை நூற்றாண்டுத் தொகுதியையும் விடாதீர்கள்; உங்கள் வீட்டுக்கு உரியது அது. 1972 மே 22க்கு முன் நாட்டின் பெயர் சிலோன், பிறகு ஸ்ரீலங்கா. அத்தையின் உறைகளைப் பிரித்து அடுக்க அந்தத் தேதியே முதல் கோடு.

பழுப்புப் புள்ளி பெரும்பாலும் பூஞ்சையின் வேலை. தென்மேற்குப் பருவமழையில் கூடலூரில் காகிதத்தைக் காப்பது கடினம். மழை படும் சுவரை ஒட்டிய இரும்பு பீரோவில் வைக்காதீர்கள். புள்ளி விழுந்தவற்றை மற்றவற்றோடு சேர்க்காமல் தனி உறையில் போடுங்கள். சிலிக்கா ஜெல் வையுங்கள், ஈரம் ஏறியதும் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். பின்பக்கம் பிசின் உள்ள தலைகள் ஒட்டிக்கொள்ளாதிருக்க ஆல்பத்தைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள். செலோ டேப் எந்தக் காரணத்துக்கும் கூடாது.

கூடலூர் தோட்டத்திலிருந்து

நன்றி அம்மா. திருப்பிப் பார்த்தேன், கூடலூர் முத்திரை இருக்கிறது! உறைகளைத் தொடமாட்டேன். தாத்தாவின் நோட்டு மட்டும் கேள்வியாக நிற்கிறது. சோற்றுப் பசையைப் பூச்சி அரிக்கத் தொடங்கிவிட்டது.

குன்னூர்

அவற்றை எடுத்துத்தான் ஆக வேண்டும் தம்பி. முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் தாத்தாவின் கையெழுத்து தெரியும்படி படம் எடுங்கள். பிறகு முத்திரை குத்திய, கிழிந்த ஒரு தலையை மட்டும் சாதாரண நீரில் ஊறவைத்துப் பாருங்கள். சோற்றுப் பசை நீரில் கரையும், இழுக்காமல் பொறுமையாக இருங்கள். மை கரையாவிட்டால் முத்திரை குத்திய மற்றவற்றையும் எடுக்கலாம். முத்திரை குத்தாத தலை இருந்தால் நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள்.