செப்டம்பரில் சிசிலி: அப்பா அம்மா, நாலு வயசு மகளோடு தங்க அமைதியான கரையில் எந்த ரிசார்ட்?

இசார்_கரையோரம் (மியூனிக்)

வணக்கம். ஆகஸ்ட் கடைசியில கோயமுத்தூர்ல இருந்து அப்பா அம்மா எங்ககிட்ட வர்றாங்க. செப்டம்பர் மூணாவது வாரம் எல்லாருமா ஆறு ராத்திரி சிசிலி போறதா முடிவு. அப்பாவுக்கு 68 வயசு. இடது முழங்கால் ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் ஆச்சு. சமதளத்துல நல்லா நடப்பார், படி இறங்கறதுதான் சிரமம். அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. மகளுக்கு நாலு வயசு, தண்ணியப் பார்த்துட்டா கையப் பிடிச்சு நிறுத்த முடியாது.

ஏன் பெரிய பிராண்டாவே தேடறேன்னு கேப்பீங்க. போன வருஷம் வேற ஒரு தீவுல வில்லா எடுத்திருந்தோம். கிளம்பறதுக்கு முந்தின ராத்திரி ஒன்பது மணிக்கு ஓனர் கேன்சல் பண்ணிட்டார். பணம் வந்துடுச்சு. ஆனா பெட்டியெல்லாம் கட்டி ஹால்ல வச்சுட்டு, அப்பா அம்மா முகத்தப் பார்க்க முடியாம உட்கார்ந்திருந்தது இன்னும் மனசுல நிக்குது. இந்தத் தடவை ஏதாவது ஆனா பொறுப்பா பதில் சொல்ல ஆள் இருக்கற இடம் வேணும்.

மூணு இடம் பார்த்து வச்சிருக்கேன். தவோர்மினாவுல ஃபோர் சீசன்ஸ் நடத்தற சான் தொமெனிகோ பேலஸ். ப்ரூகோலியில மேரியட்டோட ஆட்டோகிராஃப் கலெக்‌ஷன்ல இருக்கற மாஞ்சாஸ் (எங்ககிட்ட அந்த பாயின்ட்ஸ் கொஞ்சம் இருக்கு). அப்புறம் தென்கரையில ஷாக்கா பக்கம் ரோக்கோ ஃபோர்ட்டேவோட வெர்துரா. முதலும் மூணாவதும் எங்க பட்ஜெட்டுக்கு மேலதான். ஆனா அப்பா அம்மாவுக்கு இது நாற்பதாவது கல்யாண வருஷம், அதனால மனசைத் தயார் பண்ணிட்டோம். ஆபீஸ்ல ஒருத்தர் "தென்கரையில ஒண்ணுமே கிடையாது, ரெண்டு நாள்ல சலிச்சுடும்"ங்கறார். போய் வந்தவங்க யாராவது சொல்லுங்க.

---

மைன்_நதி (ஃபிராங்க்பர்ட்)

சிசிலிதான் என்று முடிவாகிவிட்டதா? இல்லையென்றால் சார்டினியாவின் தென்முனையில் இருக்கும் கீயாவையும் பாருங்கள். போன ஜூனில் என் மகனோடு போயிருந்தோம், அவனுக்கு அப்போது ஐந்து வயது. ஹில்டனின் கான்ராட் அங்கே இருக்கிறது. காலியரி விமான நிலையத்திலிருந்து காரில் ஒரு மணி நேரம். சார்டினியா என்றதும் எல்லோரும் ஓடுவது வடகிழக்கில் உள்ள கோஸ்தா ஸ்மெரால்தாவுக்கு. 1960களில் ஆகா கான் உருவாக்கிய பணக்காரர்களின் கரை அது. தெற்கு அப்படி இல்லை. சு ஜூதேவு கடற்கரையில் மணல் மாவு போல இருக்கும். நீண்ட தூரம் இடுப்பளவுத் தண்ணீர்தான். எதிரே இருக்கும் குட்டித் தீவுக்கு அலை இல்லாத நாளில் நடந்தே போய்விடலாம். பின்னால் உப்பங்கழியில் பூநாரைகள் நிற்கும். என் மகன் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அரை மணி நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆனால் ஹோட்டல் வளாகம் நேரே மணலில் இல்லை. நடந்தோ அவர்களுடைய வண்டியிலோ கடற்கரைக்குப் போக வேண்டும். அப்பாவுக்கு அது சரிப்படுமா என்று யோசியுங்கள். இன்னொன்று: அங்கே கடற்கரை மணலை எடுத்துவரக் கூடாது. 500 முதல் 3000 யூரோ வரை அபராதம். குழந்தைகள் சிப்பியும் கூழாங்கல்லும் பையில் போட்டுக்கொள்வார்கள், விமான நிலையத்துக்குப் போகும் முன் பார்த்துவிடுங்கள்.

---

பலெர்மோ_அக்கா

தங்கச்சி, உங்கட பதிவை நேற்று வேலையால வரேக்க பஸ்ஸுக்குள்ள வாசிச்சன். இண்டைக்கு எனக்கு லீவு, அதால ஆறுதலா இருந்து எழுதுறன். நான் யாழ்ப்பாணம். பலெர்மோவுக்கு வந்து 26 வருசம். அதில 17 சீசன் கடற்கரை ஹோட்டல்களில அறை துப்பரவாக்கிற வேலை. வடக்குக் கரையிலயும் செய்தனான், தெற்குக் கரையிலயும் செய்தனான்.

பிராண்ட் எண்டால் என்ன எண்டு எனக்கு உள்ளுக்கால தெரியும். நல்ல மெத்தை, நல்ல துவாய், ராத்திரி ரெண்டு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டால் டொக்டருக்குப் ஃபோன் பண்ண ரிசெப்ஷனில ஒரு ஆள், இதெல்லாம் பிராண்ட் தரும். போன வருசம் உங்களுக்கு நடந்ததுக்கு அதுதான் சரியான மருந்து. ஆனால் கடல் அவையின்ர கையில இல்லை. ஒவ்வொரு கரைக்கும் ஒவ்வொரு குணம். முதல் கரையைத் தெரிவு செய்யுங்கோ, பிறகு அந்தக் கரையில ஆர் நல்ல பேரோட இருக்கினம் எண்டு பாருங்கோ.

தவோர்மினா மலைக்கு மேல, கடலில இருந்து 200 மீட்டர் உயரத்தில இருக்கிற ஊர். நீங்கள் சொல்லுற ஹோட்டல் பழைய டொமினிக்கன் சாமிமாரின்ர மடம், 2021இல ஃபோர் சீசன்ஸ் திறந்தது. எட்னா மலையும் கடலும் ஒண்டாத் தெரியும், அவ்வளவு வடிவு. ஆனால் கடலில கால் நனைக்கிறதெண்டால் கேபிள் காரில மத்சாரோவுக்கு இறங்க வேணும். இறங்கினாலும் அங்க மணல் இல்லை, கல்லு. நாலு வயசுப் பிள்ளை ஒரு நாளைக்கு மூண்டு தரம் தண்ணிக்கு ஓடும். ஒவ்வொரு தரமும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஏறி இறங்க ஏலாது. ஊரெல்லாம் படி. அதை இந்த முறை விடுங்கோ.

ப்ரூகோலி கத்தானியாவுக்கும் சிராகூசாவுக்கும் இடையில சின்ன மீன்பிடி ஊர், பழைய கோட்டை ஒண்டு தண்ணியோரமா நிக்குது. விமான நிலையம் கிட்ட, பாயின்ட்ஸும் உதவும். கரை கூடுதலாப் பாறை. நீந்தத் தெரிஞ்ச ஆக்களுக்குப் பாறையில இருந்து குதிக்க நல்லம், உங்கட மகளுக்கு ஹோட்டல் நீச்சல்குளந்தான் கடல். சிராகூசாவைப் பாக்கிறதுதான் முக்கியம் எண்டால் இதை எடுங்கோ.

இனித் தெற்குக் கரை. வெர்துரா 2009இல திறந்தது. 230 ஹெக்டேர் காணி, கிட்டத்தட்ட ரெண்டு கிலோமீட்டர் கடலோரம், நடுவில கோல்ஃப் புல்வெளி. கட்டிடமெல்லாம் உயரமில்லாமல் பதிவாத்தான் இருக்கு, மலை ஏறுற வேலை இல்லை. ஆனால் இடம் பெரிசு. அறையில இருந்து சாப்பாட்டுக்குப் போறதே ஒரு நடை. சைக்கிளும் பக்கி வண்டியும் இருக்கு. அதால பதியேக்கயே "அப்பாவுக்கு முழங்கால் ஒப்பரேஷன் செய்தது, தரைத்தளத்தில, சாப்பாட்டுச் சாலைக்குக் கிட்டத் தாங்கோ" எண்டு எழுத்தில கேளுங்கோ. வந்திறங்கின பிறகு கேட்டால் எங்கட சுப்பர்வைசர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் நிரம்பின ஹோட்டலில அறை மாத்த ஏலாது. அழுதழுது நிண்ட ஆக்களைக் கண்டிருக்கிறன்.

அந்தப் பக்கத்துக் கரை மணலோட கூழாங்கல்லும் கலந்தது. எல்லாருக்கும் ரப்பர் சப்பாத்து வாங்கிக்கொண்டு வாங்கோ. இங்க வந்து தேடினால் பிள்ளையின்ர அளவு கிடைக்காது.

காத்தைப் பற்றி ஹோட்டல் படங்களில இராது. தெற்குக் கரைக்கு சிரோக்கோ. ஆபிரிக்கப் பக்கமிருந்து சூடா வரும். அது வீசின அடுத்த நாள் காலமை பல்கனிக் கதிரை, மேசை எல்லாத்திலயும் செம்மண் தூசி படிஞ்சிருக்கும். வறண்ட துணியால துடைச்சால் கோடு விழும், ஈரத்துணியால ரெண்டு தரம் துடைக்க வேணும். கடலும் கலங்கி அலை அடிக்கும். வடமேற்குக் காத்து எண்டால் வடக்குக் கரை குழம்பும், தெற்கு அமைதியாக் கிடக்கும். செப்டம்பரில கடல் 25 பாகை அளவில இளஞ்சூடா இருக்கும். சிரோக்கோ வந்தால் ரெண்டு மூண்டு நாள் பொறுக்க வேணும். அந்த நாளைக் கோயில் பாக்க வையுங்கோ.

"ஒண்டுமே இல்லை" எண்டு சொன்னவருக்கு நான் என்னத்தைச் சொல்ல. ஷாக்காவில இருந்து கிழக்கால ஒரு மணித்தியாலம் ஓடினால் அக்ரிஜென்டோ. அங்க கொன்கோர்தியா கோயில் 2400 வருசத்துக்கு மேல நிக்குது. பிறகொரு காலத்தில அதைத் தேவாலயமா மாத்தினதாலதான் இடியாமல் தப்பினது. அப்பாவுக்கு ஒரு உதவி சொல்லுறன்: மேல ஜூனோ கோயில் பக்கத்து வாசலால உள்ளுக்குப் போங்கோ. பாதை இறக்கமா வரும். மண் பாதை, படி குறைவு. கீழ வாசலில டாக்சி நிக்கும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு போனால் வெயிலும் சுடாது, கல்லு தேன் நிறமா மாறுறதையும் காணலாம். அம்மா கட்டாயம் கொஞ்ச நேரம் கதைக்காமல் நிப்பா.

மேற்கால போனால் செலினுன்டே. கடலுக்கு மேல உடைஞ்சு விழுந்த தூண்கள், ஒவ்வொரு துண்டும் ஒரு அறை அளவு. ஷாக்காவே ஒரு முழுநாள் ஊர். துறைமுகத்தில பின்னேரம் மீன் வள்ளங்கள் வரும், தெருவில மட்பாண்டம் தீட்டிக்கொண்டு இருப்பினம். அந்தக் கடலில 1831இல எரிமலை வெடிச்சு ஒரு தீவு எழும்பினது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நேப்பிள்ஸ் ராசாவும் எனக்கு உனக்கு எண்டு அடிபட, அரை வருசத்துக்குள்ள அலை அரிச்சுக் கடலுக்குள்ள போட்டுது. இப்பவும் மேல்மட்டத்துக்குச் சில மீட்டர் கீழதான் கிடக்கு. உங்கட மகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கோ, தீவு எங்க எண்டு ஒவ்வொரு நாளும் தேடுவா.

அம்மாவின்ர சாப்பாடு. "வெஜிதாரியானா" எண்டு மட்டும் சொன்னால் சிலர் மீனைக் கொண்டு வருவினம். மீன் இல்லை, முட்டை இல்லை எண்டு பிரிச்சுச் சொல்லுங்கோ: சென்சா பெஷே, சென்சா உவோவா. பாஸ்தாவில காய்ஞ்சது எண்டால் பெரும்பாலும் முட்டை இராது, கையால செய்த புதுப் பாஸ்தாவில இருக்கலாம், கேக்க வேணும். கத்தரிக்காய் போட்ட நோர்மா பாஸ்தா, கபொனாத்தா ரெண்டும் அம்மாவுக்குப் பிடிக்கும். பனெல்லே எண்டு கடலைமாவில பொரிக்கிறது, எங்கட பஜ்ஜிக்கு ஒண்டுவிட்ட சகோதரம். அரஞ்சினி எண்ட பொரிச்ச சோத்து உருண்டையை உள்ளுக்கு இறைச்சி, வெளிப்பூச்சில முட்டை இருக்கோ எண்டு கேட்டுத்தான் வாங்குங்கோ. ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்கு முந்தித் தொடங்காது. பிள்ளைக்கு முந்தியே குடுக்கச் சொல்லிக் கேளுங்கோ, பெரிய ஹோட்டல்களில செய்து தருவினம்.

---

லிஃபி_ஆறு (டப்ளின்)

அக்கா சொன்னதுக்கு மேல சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல. பதிவு விஷயம் மட்டும். நடுவுல இன்னொரு தளம் வழியா எடுக்காதீங்க, ஹோட்டலோட சொந்த இணையதளத்துலயே எடுங்க. அப்பதான் அறை மாத்தணும், தேதி மாத்தணும்னா நேரா பேச முடியும். பணம் திரும்பக் கிடைக்காத விலை கொஞ்சம் கம்மியா இருக்கும், வயசானவங்களோட போறப்ப அதைத் தொடாதீங்க. இத்தாலியில பல ஊர்கள்ல தலைக்கு, ராத்திரிக்கு இவ்வளவுன்னு தங்கும் வரி தனியா வாங்குவாங்க. கிளம்பறப்ப பில்லுல வந்தா பயந்துடாதீங்க.

---

இசார்_கரையோரம் (மியூனிக்)

அக்கா, நீங்க எழுதினதை அப்பாகிட்ட ஸ்பீக்கர்ல படிச்சுக் காட்டினேன். முழுசாக் கேட்டுட்டு, "அந்தம்மா எங்க இருக்காங்களோ அங்க ஒரு நாள் போகலாம்மா"ன்னு சொன்னார். தென்கரைன்னு முடிவு பண்ணிட்டோம். வெர்துராவுக்கு நீங்க சொன்னபடியே எழுதினேன். தரைத்தள அறை, சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கத்துல, உறுதி பண்ணிப் பதில் வந்திருக்கு. ஆறு ராத்திரிய அஞ்சாக்கி, கடைசி ராத்திரிய பலெர்மோவுல வச்சிருக்கோம். திரும்பற விமானமும் அங்கிருந்துதான், ஞாயிறு சாயங்காலம். அப்பா அம்மாவுக்கு பலெர்மோவுல எதக் காட்டலாம்? அம்மா ஒரு கோயிலாவது வேணும்னு கேக்கறாங்க. அங்க தமிழ் ஆளுங்க நிறைய இருக்காங்கன்னு கேள்விப்பட்டேன்.

---

பலெர்மோ_அக்கா

அப்பா அப்பிடிச் சொன்னாரோ. வாசிக்கக் கண் கலங்கிட்டுது, பிள்ளை.

ஷாக்காவில இருந்து பலெர்மோவுக்குக் காரில ஒண்டரை மணித்தியாலம் வையுங்கோ. அம்மாவை மொந்தே பெல்லெக்ரீனோ மலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. மேல ஒரு குகைக்குள்ள சாந்தா ரொசாலியா தாயின்ர கோயில். 1624இல கொள்ளைநோய் வந்தபோது அவவின்ர எலும்பை அந்த மலையில கண்டெடுத்து ஊரைச் சுத்திக் கொண்டுபோக நோய் விட்டது எண்டு இந்தச் சனம் நம்புது. கத்தோலிக்கர் மட்டுமில்லை, எங்கட சைவச் சனமும் போறது. நேர்த்தி வைக்கிறது, பிள்ளைக்குச் சுகமில்லை எண்டால் ஓடுறது, புது வேலை கிடைச்சால் நன்றி சொல்லப் போறது. நான் வந்த முதல் வருசம் வேலை இல்லாமல், ஊரில அம்மா தனிய, அப்ப அங்கதான் போய் இருந்து அழுதனான். குகைக் கூரையால தண்ணி சொட்டும். அது ஆக்களில விழாமல் தகரத் தவாளி பிடிச்சு வைச்சிருக்கினம். அம்மாவுக்கு அந்தச் சத்தமே போதும்.

மேல வரைக்கும் பஸ்ஸும் டாக்சியும் போகும். கோயில் வாசலுக்கு முன்னால படிக்கட்டு இருக்கு. அப்பா ஏறேக்க ஆராவது இடது பக்கம் நிண்டு பிடியுங்கோ, இறங்கேக்க இன்னும் கவனம். உள்ளுக்குக் குளிரும், அம்மாவுக்கு ஒரு சால்வை எடுங்கோ.

பிறகு பலாறோ சந்தைக்கு வாங்கோ. அந்தப் பக்கத்து ஒழுங்கைகளில எங்கட கடைகள் இருக்கு. கறிவேப்பிலை, பருப்பு, அப்பளம் எல்லாம் கிடைக்கும். அம்மா அஞ்சு நாள் பாஸ்தா சாப்பிட்டுக் களைச்சிருந்தால் நான் சோறும் ரசமும் வைச்சுத் தாறன். கூச்சப்படாமல் தனிமடலில எழுதுங்கோ.

ஞாயிறு காலமையே மலைக்குப் போங்கோ. ஒன்பதரைக்கு நானும் மகளும் அங்க நிப்பம்.